உஷார்! கார்போகரிசியை அரைத்து முகத்தில் பூசாதீர்கள்

முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் படிப்பை நிறுத்துகிறவர்களுக்கும் இது போய்ச்சேர வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கார்போகரிசியைப் பொடித்தோ, எண்ணெயில் ஊறவைத்தோ முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் இறங்காதீர்கள். தோல் வெந்துபோகும். கொப்புளம் கிளம்பும். கொப்புளம் ஆறினாலும் அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

கார்போகரிசி நல்ல மருந்துச் சரக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிலிருந்து பிரித்தெடுக்கும் பாகுச்சியோல் என்ற பொருள் இன்று உலகம் முழுக்க சீரம் பாட்டில்களில் விற்கிறது. அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிலில் இருப்பதும் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருவதும் ஒன்றுதான் என்று நம்புகிறோமே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் என் அக்கா மகள் மாட்டிக்கொண்டாள்.

போன வருஷம் வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். சித்திரை பாதியில் ஒரு நாள் காலை போன் வந்தது. "சித்தி, முகமெல்லாம் எரியுது. கழுத்துல நீர் கோத்துக்கிட்டு நிக்குது. அம்மா அம்மைங்கிறாங்க." அக்கா அதற்குள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். சித்திரை வெயில், உடம்பெங்கும் எரிச்சல், நீர்க் கொப்புளம் என்றால் யாருக்குத்தான் அம்மை என்று தோன்றாது? "புதுசா ஏதாச்சும் தடவினியா?" என்று கேட்டேன். "புதுசா ஒண்ணும் இல்ல சித்தி. வீட்லயே போட்ட எண்ணெய்தான், நாட்டு மருந்து. அதுவும் நைட்டுதான் தடவுவேன்" என்றாள்.

அந்த எண்ணெயின் கதை இது. 'செடியிலிருந்து வரும் ரெட்டினோல், பக்கவிளைவே கிடையாது, வீட்டிலேயே செய்யலாம்' என்று யாரோ போட்ட ரீல்ஸைப் பார்த்திருக்கிறாள். நூறு கிராம் கார்போகரிசி வாங்கி, ஒன்றிரண்டாக இடித்து, தேங்காய் எண்ணெயில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டி வைத்துக்கொண்டாள். மூன்று இரவுகள் முகத்திலும் கழுத்திலும் தேய்த்துவிட்டுப் படுத்தாள். காலையில் முகம் கழுவிவிட்டு, அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் பத்திரிகை வைக்க ஸ்கூட்டரில் சுற்றினாள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் லேசாகச் சிவந்தது, வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் விடியும்போது கன்னம் வீங்கியிருந்தது.

தோல் மருத்துவர் அவளைப் பார்த்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்ததைவிட, எங்கெங்கே ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் அதிக நேரம் பார்த்தார். ஹெல்மெட் மூடிய நெற்றி தெளிவாக இருந்தது. துப்பட்டா போர்த்தியிருந்த தோள் தெளிவாக இருந்தது. துப்பட்டா முடிகிற இடத்தில் கத்தியால் கோடு கிழித்ததுபோல் சிவப்பு தொடங்கியது. அம்மையோ ஒவ்வாமையோ இப்படி வெயில் பட்ட இடத்தை அளந்து வராது. புறங்கையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தீற்று இருந்தது. எண்ணெய் தடவிய விரலை அங்கே துடைத்திருக்கிறாள். "என்னம்மா தடவின? எலுமிச்சையா, கார்போகரிசியா?" என்று அவரே கேட்டார். அவள் அதுவரை வாயைத் திறக்கவே இல்லை.

இப்போது பாகுச்சியோலுக்கு வருகிறேன். அதன் நன்மையை மறைத்துவிட்டு எச்சரிக்கை மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது.

எண்ணெய் டப்பாவைத் திறந்து வைத்தால் சில வாரங்களில் காறிப்போய்விடும் அல்லவா? காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைத் தாக்குவதால் வரும் கேடு அது. வெயில் படும்போது நம் தோலுக்குள்ளும் ஏறக்குறைய அப்படி ஒன்று நடக்கிறது. நிலைகொள்ளாத மூலக்கூறுகள் உண்டாகி, பக்கத்தில் இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் கெடுக்கின்றன. தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்களை அறுக்கும் நொதிகளையும் முடுக்கிவிடுகின்றன. சுருக்கமும் கருந்திட்டும் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. இந்த மூலக்கூறுகளை மடக்கி அடக்குகிற பொருள்தான் ஆன்டிஆக்சிடன்ட். பாகுச்சியோல் அந்த வகை. அதோடு, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினோல் தோல் செல்களில் எந்த மரபணுக்களைத் தூண்டுகிறதோ, அவற்றில் பலவற்றை இதுவும் தூண்டுகிறது என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. வேதியியல் அமைப்பில் இரண்டுக்கும் ஒட்டுறவே கிடையாது. அதனால்தான் அந்த முடிவு பலருக்கு வியப்பாக இருந்தது. எழுதியவர்களில் ஒருவர் அந்தப் பொருளை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு 2019-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி' இதழில் ஒரு நேரடி ஒப்பீடு வெளியானது. மொத்தம் 44 பேர், 12 வாரம். ஒரு பகுதியினர் 0.5 சதவீத பாகுச்சியோல் கிரீமைத் தினமும் இரண்டு வேளை தடவினார்கள். மற்றவர்கள் 0.5 சதவீத ரெட்டினோலைத் தினமும் ஒரு வேளை. சுருக்கமும் கருமையும் இரண்டு தரப்பிலுமே குறைந்தன, பெரிய வித்தியாசம் இல்லை. ரெட்டினோல் தடவியவர்களுக்குத்தான் தோல் உரிவதும் சுருக்கென்ற எரிச்சலும் அதிகம். ரெட்டினோல் ஒத்துக்கொள்ளாத மெல்லிய தோல்காரர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் 44 பேர் என்பது சின்னக் கூட்டம், 12 வாரம் என்பது சின்னக் காலம். இதை வைத்து 'பக்கவிளைவே கிடையாது' என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பாகுச்சியோலே சிலருக்கு ஒவ்வாமை தந்திருப்பதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

மேலே சொன்ன நன்மை எல்லாம் பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்திய பாகுச்சியோலுக்கு உரியவை. விதைக்கு உரியவை அல்ல. ஏனென்றால் அந்தக் குட்டி விதைக்குள் இன்னொரு ஆள் குடியிருக்கிறான். அவன் பெயர் சொராலன்.

கார்போகரிசி என்ற பெயரில் அரிசி இருந்தாலும் அது அரிசி இல்லை. ஏலரிசி, வெட்பாலையரிசி என்கிறோமே, அதுபோல விதை என்ற பொருளில் வந்த அரிசி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் விதை. சிறுநீரக வடிவில், கறுப்பாக, கசப்பாக, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். வடமொழியில் பாகுசி, இந்தியில் பாவ்சி, பாப்சி. செடியின் தாவரவியல் பெயர் சொராலியா கோரிலிஃபோலியா. சொராலன் என்ற பெயரே இந்தச் செடியின் பெயரிலிருந்து பிறந்ததுதான். 1933-ல் இந்திய வேதியியலர்கள் இந்த விதையிலிருந்து சொராலனைப் பிரித்தார்கள். 33 வருஷம் கழித்து, 1966-ல், இதே விதையிலிருந்து பாகுச்சியோலைப் பிரித்து அறிவித்தவர்களும் நம் ஆட்கள்தான். புனேயில் சுக்தேவ், அவருடைய மாணவர் கோவர்தன் மேத்தா ஆகியோர் இருந்த குழு அது. ஒரே விதையின் இரண்டு பிள்ளைகளையும் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களே உலகத்துக்கு அடையாளம் காட்டின. அப்படியிருக்க, அந்த இரண்டையும் நாமே ஒன்றென்று குழப்பிக்கொண்டு முகத்தைச் சுட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சொராலன் என்ன செய்யும்? இருட்டில் ஒன்றும் செய்யாது. தோலுக்குள் இறங்கி, செல்லின் மரபிழையான டிஎன்ஏவின் படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு சும்மா இருக்கும். வெயிலில் உள்ள 'யுவிஏ' என்ற புறஊதாக் கதிர் பட்டதும் விழித்துக்கொள்ளும். டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிடும். தைத்த இழையைப் பிரித்துப் படிக்க முடியாமல் செல் தவிக்கும், பிறகு சாகும். தோல் வேகிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

இதில் மிகவும் மோசமான சங்கதி, அது எடுத்துக்கொள்ளும் நேரம். சாதாரண வெயில் காந்தல் அன்று மாலையோ மறுநாளோ தெரிந்துவிடும். சொராலன் சூடு இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதற்குள் ஆட்கள் எதை எதையோ சந்தேகப்படுவார்கள். புது மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்ட சாப்பாடு, கவரிங் செயின், கண்திருஷ்டி, உடம்புச் சூடு. எண்ணெயை மட்டும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தில் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தடவிக்கொண்டே போவார்கள். என் அக்கா மகள் செய்தது அதுதான்.

இன்னொன்று, யுவிஏ கண்ணாடியைத் தாண்டி வரும். பஸ்ஸில் ஜன்னலோரம், காரில் டிரைவர் பக்கம், ஆபீஸில் கண்ணாடிச் சுவர் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் படும். மேகமூட்டத்திலும் வரும், காலை எட்டு மணிக்கும் வரும். 'இரவில்தானே தடவினேன், காலையில் கழுவிவிட்டேனே' என்பதும் செல்லாது. எண்ணெயில் கரைந்து இரவு முழுக்கத் தோலுக்குள் இறங்கிய சரக்கு, காலையில் சோப்பு போட்டால் மேலே ஏறி வந்துவிடாது.

'நம் முன்னோர் இதைப் பயன்படுத்தவில்லையா?' என்று கேட்பீர்கள். பயன்படுத்தினார்கள். எதற்கு, எப்படி என்பதை மறந்துவிட்டோம். வெண்புள்ளிக்குத்தான் இதன் பெயர் பெரிது. மருந்தைச் சுத்தி செய்து, வெள்ளைத் திட்டின் மேல் மட்டும் பூசி, கொஞ்ச நேரம் வெயில் காட்டுவார்கள். தோலைச் சிவக்க வைத்து நிறமியைக் கிளப்புவதுதான் அந்தச் சிகிச்சையின் குறிக்கோளே. அதாவது, எந்தக் குணத்துக்காக வைத்தியர்கள் இந்த விதையைத் தேர்ந்தெடுத்தார்களோ, அதே குணம்தான் இன்று நம் கன்னத்தைச் சுடுகிறது. தோலைக் கறுக்க வைக்கத் தெரிந்த விதை இது. அதையே முகம் வெளுக்க, கருமை போக என்று தடவச் சொல்கிறார்கள்! எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

எகிப்திலும் இதே வேலைக்கு வேறொரு செடி இருந்தது. 1940-களில் கெய்ரோவில் அப்தெல் மோனம் எல் மொஃப்டி என்ற மருத்துவர் அந்தச் செடியின் சொராலன் வகைப் பொருளை எடுத்து வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974-ல் அமெரிக்க மருத்துவர்கள் அதையே யுவிஏ விளக்கோடு சேர்த்து சொரியாசிஸுக்குக் கொண்டுவந்தார்கள். 'பியூவா' சிகிச்சை என்ற பெயரில் ஆஸ்பத்திரிகளில் அது பழகியது. அங்கே எவ்வளவு ஒளி என்பதைக் கருவி வைத்து அளக்கிறார்கள். கொஞ்சத்தில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் கூட்டுகிறார்கள். சிகிச்சை முடிந்ததும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, வெயிலில் போகாதே என்ற கட்டளை. இத்தனை கட்டுப்பாட்டிலும் கொப்புளம் வருவது உண்டு. பல வருஷம் எடுத்துக்கொண்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் கூடுவதும் கண்டறியப்பட்டது. அந்த மருந்தும் யுவிஏவும் சேர்ந்தால் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியானது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதனால்தான் இன்று மருத்துவர்கள் பலர் சொராலன் தேவைப்படாத வேறு ஒளி சிகிச்சைக்கு மாறிவிட்டார்கள். மருத்துவர் அளந்து கொடுக்கவே யோசிக்கிற ஒன்றை, நாம் கரண்டிக் கணக்கில் எண்ணெயில் போட்டு, அளவே இல்லாத சித்திரை வெயிலின் கையில் கொடுக்கிறோம்.

ஐரோப்பாவில் வெயிலுக்குத் தடவும் கிரீம்களில் சொராலன் குடும்பத்துப் பொருள்கள் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கும் கீழேதான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டில் போட்ட எண்ணெயில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நம்மிடம் என்ன வழி?

நலங்கு மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, பச்சைப்பயறு என்று போகும் பட்டியலில் பல வீடுகளில் கார்போகரிசியும் இடம்பெறுகிறது. மொத்த மாவில் அது கொஞ்சம்தான், தேய்த்த கையோடு கழுவியும் விடுகிறோம். அதனால் ஆபத்து எண்ணெயைவிடக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மாவை இப்போது தயிரில் குழைத்து அரை மணி நேரம் 'ஃபேஸ் பேக்' போட்டு வைக்கிறார்கள். கைக்குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, அப்படியே வாசலில் இளவெயில் காட்டுகிறார்கள். இதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. குழந்தைக்கு அரைக்கும் மாவில் கார்போகரிசி வேண்டவே வேண்டாம். அதை விட்டுவிட்டு அரைத்தால் மாவின் வாசனை ஒன்றும் குறைந்துவிடாது. தலைக்குக் காய்ச்சும் எண்ணெயிலும் சிலர் இதைப் போடுகிறார்கள். உச்சி வெயிலில் வியர்வையோடு அது நெற்றியில் வழிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சையும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். அதன் சாற்றிலும், குறிப்பாகத் தோலிலும், சொராலன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. கடலை மாவில் எலுமிச்சை பிழிந்து பூசிக்கொண்டு மாடியில் வத்தல் காயப்போடப் போகும் பெண்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

'கையில் கொஞ்சம் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்லும் கெட்டிக்காரர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சோதிப்பேன். அந்தச் சோதனை ஒவ்வாமைக்கு உதவும், இதற்கு உதவாது. முழங்கை மடிப்பில் தடவினால் அங்கே வெயிலே படாது, பிறகு எப்படித் தெரியும்? சொராலன் சூடு ஒவ்வாமை அல்ல. ஒவ்வாமை ஒருவருக்கு வரும், பத்துப் பேருக்கு வராது. போதிய அளவு சொராலனும் போதிய வெயிலும் சேர்ந்தால் யார் தோலாக இருந்தாலும் வேகும். அதற்காக, தடவிவிட்டு வெயிலில் காட்டிப் பார்க்கலாமே என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

சன்ஸ்கிரீன் போட்டால் போதாதா? பாட்டிலில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'எஸ்பிஎஃப்' எண் முக்கியமாக யுவிபி என்ற வேறு கதிருக்கான கணக்கு. யுவிஏவுக்கு எவ்வளவு காப்பு என்பதை 'பிஏ' என்ற எழுத்தையும் அதன் பக்கத்தில் வரும் கூட்டல் குறிகளையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எஸ்பிஎஃப் 50 போட்டிருக்கிறேன் என்ற துணிச்சலில் கார்போகரிசி எண்ணெயோடு வெளியே போனால் கூரையில் ஓட்டையை வைத்துக்கொண்டு மழைக்கு நிம்மதியாகப் படுத்த கதைதான்.

சரி, பாகுச்சியோல் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்ன செய்வது? கடையில் வாங்குங்கள், ஆனால் பாட்டிலின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள் பட்டியலில் 'பாகுச்சியோல்' என்று தனிப் பெயராக இருந்தால் அது பிரித்தெடுத்த சரக்கு. 'சொராலியா கோரிலிஃபோலியா சீட் ஆயில்', 'சீட் எக்ஸ்ட்ராக்ட்', 'பாப்சி ஆயில்', 'பாகுச்சி ஆயில்' என்று இருந்தால் அது விதையின் எண்ணெயோ சாறோதான். சொராலனும் அதிலேயே இருக்கக்கூடும். முன்பக்கம் 'பாகுச்சியோல் சீரம்' என்று போட்டு, பின்பக்கம் விதை எண்ணெயின் பெயரைப் போடும் பாட்டில்களை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு பெயரும் கேட்பதற்கு ஒன்றுபோல் இருப்பதால் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். சுத்தப்படுத்திய பொருளைச் செய்வது செலவு பிடிக்கும் வேலை. அதனால் 'நூறு சதவீதம் சுத்தமான பாகுச்சி ஆயில்' என்று மலிவாக வந்தால் அதில் சுத்தமாக இருப்பது விதை எண்ணெய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுச் சட்டப்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். ஆய்வில் பயன்பட்டதே 0.5 சதவீதம் என்பதால் பாகுச்சியோல் பட்டியலின் கடைசியில் இருந்தால் அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். உற்பத்தி உரிம எண் இல்லாத, வீட்டில் காய்ச்சி ஆன்லைனில் விற்கும் பாட்டில்களை மட்டும், விற்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாங்காதீர்கள். அவரும் நம்மைப் போலவே அறியாமல் செய்கிறவராக இருக்கலாம். முகம் நம்முடையதல்லவா?

கர்ப்பிணிகளிடம் தனியாக ஒரு வார்த்தை. ரெட்டினோல் வகைகளைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்வார்கள், அது சரி. அதற்கு மாற்று என்று பாகுச்சியோலைப் பரிந்துரைக்கும் விளம்பரங்கள் நிறைய. கர்ப்பிணிகளுக்கு இது பாதுகாப்பு என்று சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் நடக்கவில்லை. இந்த விதையின் சாற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போன்ற குணம் உண்டு என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பத்து மாதம் தேங்காய் எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் தடவாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் பிள்ளைகள், லூபஸ் உள்ளவர்கள், இவர்கள் தோல் ஏற்கெனவே வெயிலுக்குச் சீக்கிரம் சிவக்கும். கார்போகரிசி வைத்திருக்கும் அலமாரிப் பக்கமே இவர்கள் போக வேண்டாம்.

பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் நிறம் வரும் என்று வேறு பரப்புகிறார்கள். இந்த விதையை உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி கொரியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் இதை உள்ளுக்குக் கொடுக்கும் முறை உண்டு. ஆனால் படித்த சித்த மருத்துவர் கையால், அவர் சொல்லும் அளவில், அவர் கண்காணிப்பில் மட்டுமே.

வெண்புள்ளி உள்ளவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், தயவுசெய்து கேளுங்கள். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து, யாருக்கும் தெரியாமல் இந்தப் பொடியை வாங்கிக் குழந்தைக்குப் பூசுவது எனக்குத் தெரிந்தே நடக்கிறது. வெள்ளைத் திட்டில் நிறமி இல்லாததால் அது மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் வேகும். புண்பட்ட இடத்தில் புதிதாக வெள்ளைத் திட்டு கிளம்புவதும் இந்த நோயின் இயல்பு. குணமாக்கப் போய் நோயைப் பரப்பிவிடுவோம். இது தொற்றுநோய் அல்ல, ஒளித்து வைக்க வேண்டிய குற்றமும் அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் காசில்லாமல் பார்க்கிறார்கள்.

அக்கா மகளுக்குக் கொப்புளம் ஆற இரண்டு வாரம் ஆனது. கல்யாணத்தன்று கழுத்துக் கருமையை மறைக்க மேக்கப் போட்ட பெண் ஒன்றரை மணி நேரம் பாடுபட்டாள். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி "பொண்ணு கழுத்துல என்ன?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. புறங்கையில் அந்த இரண்டு விரல் தீற்று பொங்கல் வரைக்கும் மறையவில்லை.

இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டு அலமாரியில் அந்த எண்ணெய் இருந்தால் இப்போதே எடுத்துத் தனியே வையுங்கள். நேற்று இரவு தடவியிருந்தால், இன்று ஒன்றும் தெரியவில்லை என்று அலட்சியம் வேண்டாம். சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். இரண்டு மூன்று நாளாவது வெயிலில் போகாதீர்கள், ஜன்னல் பக்கமும் உட்காராதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் கெட்டித் துணியால் முகத்தையும் கழுத்தையும் புறங்கையையும் மூடிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சிவந்துவிட்டதா? குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியைப் போட்டு எடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பற்பசை, மஞ்சள், எலுமிச்சை எதுவும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு ட்யூப் வாங்கி நீங்களாகவே தடவவும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்த எண்ணெய் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவாரோ என்று பயந்து, தடவவே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.